மேனேஜருக்கு நிறுத்தும் அதிகாரமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சீசன் நெருங்கும்போதெல்லாம் சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகள் 'சீனியர் ஆபரேஷன்ஸ் மேனேஜர் தேவை' என்று விளம்பரம் கொடுக்கின்றன. பத்து வருட அனுபவம், இந்தி, கணினி, இரவிலும் போன் எடுக்கும் பொறுப்புணர்வு எல்லாம் கேட்கிறார்கள். வருகிறவருக்கு என்ன அதிகாரம் தரப்போகிறோம் என்று மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. அதனால்தான் நல்ல சம்பளத்துக்கு வந்தவர்கள்கூட இரண்டு சீசன் தாண்டாமல் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகும் அதே நஷ்டங்கள் தொடர்கின்றன. இந்தப் பதவி எதற்கு, அதில் உட்காருபவரிடம் என்ன இருக்க வேண்டும் என்பதை ஆலை முதலாளிகளும் வேலை தேடுபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சூப்பர்வைசர் தன் ஷிஃப்டைப் பார்ப்பார். புரொடக்‌ஷன் மேனேஜர் அன்றைய உற்பத்தியைப் பார்ப்பார். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், லேப், ஸ்டோர், டெஸ்பாட்ச் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு. இவர்களில் யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது: ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடம். கிழங்கு லாரி கேட்டுக்குள் நுழைவதிலிருந்து மூட்டைக்குப் பணம் வரும்வரை அந்த இணைப்புகள் அத்தனையும் சீனியர் ஆபரேஷன்ஸ் மேனேஜரின் பொறுப்பு. ஆலையில் பெரிய நஷ்டமெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆலையை வைத்துக்கொள்வோம். தோலுரிக்கும் இயந்திரம் மணிக்கு 8 டன் தள்ளும். அரவை 6 டன். 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 96 டன் அரைக்கலாம். ஆனால் சிமென்ட் களம் நல்ல வெயிலில் 60 டன் கிழங்கிலிருந்து வரும் ஜவ்வரிசியைத்தான் காயவைக்கும். மேகமூட்டமாக இருந்தால் அதில் பாதி. இந்த ஆலையின் கொள்ளளவு 96 என்று நினைத்து லாரி வரவழைத்தால் தினமும் 36 டன் கிழங்கின் மாவு, அதாவது ஏறக்குறைய 7 டன், தொட்டியில் தேங்கும். மூன்று நாளில் 21 டன். வடகிழக்குப் பருவமழையும் சீசனின் தொடக்கமும் நம் மாவட்டத்தில் ஒன்றாகவே வருவதால் இது வருடம் தவறாமல் நடக்கிறது.

தொட்டியில் தேங்கிய ஈரமாவு புளிக்கும். புளித்தால் நிறம் மங்கும், வாடை வரும். மங்கிய மாவில் வரும் ஜவ்வரிசிக்கு விலை குறையும். அப்போதுதான் யாராவது ஒருவர் 'கொஞ்சம் வெளுக்க வைக்கலாமே' என்று ஆரம்பிப்பார். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரைட், அமிலம் என்று ஆலைக்குள் கேன்கள் நுழைவது இந்த வழியில்தான். உணவுப் பாதுகாப்புத் துறை சோதனைக்கு வரும்போது எல்லோரும் அந்தக் கேனைப் பார்க்கிறார்கள். கேனுக்கு நான்கு நாள் முன்னால், களம் தாங்காது என்று தெரிந்தும் உள்ளே விட்ட லாரியை யாரும் பார்ப்பதில்லை. கலப்படத்தின் வேர் பல ஆலைகளில் பேராசையைவிடத் திட்டமிடாமையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே இந்தப் பதவியின் முதல் வேலை, ஆலையில் எது மிக மெதுவான கட்டம் என்று கண்டுபிடித்து, கொள்முதலை அதற்குக் கட்டுவது. இன்று களம் காலியாக எவ்வளவு, தொட்டியில் எத்தனை டன் மாவு, நாளை மழை உண்டா என்ற மூன்றையும் மாலை 4 மணிக்குப் பார்த்து, மறுநாளுக்கு எத்தனை லாரிக்கு டோக்கன் என்று முடிவு செய்ய வேண்டும். கிழங்கு பிடுங்கிய பிறகு இதைச் செய்து பயனில்லை. பிடுங்கி 48 மணி நேரத்துக்குள் கிழங்கின் உள்ளே நீலக் கறுப்புக் கோடுகள் ஓடத் தொடங்கும், மாவு குறையும், வெளுப்பும் போகும். கேட்டில் இரண்டு நாள் நின்ற லாரி விவசாயிக்கும் நஷ்டம், ஆலைக்கும் நஷ்டம். தலைவாசலிலும் வாழப்பாடியிலும் கங்கவல்லியிலும் காட்டில் ஆள் இறங்குவதற்கு முன்பே டோக்கன் எண்ணிக்கை ஏஜென்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கிழங்கு விலை சரிந்த வாரத்தில் 'வந்தவரை எல்லாம் எடு' என்று முதலாளி சொல்வார். அந்த நேரத்தில் 'இன்று 10 லாரிக்கு மேல் வேண்டாம்' என்று சொன்னால் அது நிற்க வேண்டும். நிற்காது என்றால் அந்த மேனேஜர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கேட்டில் இன்னொரு விஷயம், பாயிண்ட். கிழங்கைக் காற்றிலும் தண்ணீருக்குள்ளும் எடை பார்த்து, நூற்றுக்கு எத்தனை பங்கு மாவு என்ற எண்ணை, அதாவது பாயிண்டை, கணக்கிடும் மீட்டர் ஆலைகளில் இருக்கிறது. அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் விவசாயிக்குப் பணம். மண் ஒட்டிய கிழங்கும், தொட்டியில் கலங்கிப்போன தண்ணீரும் எண்ணை மாற்றிவிடும். லாரியின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கிழங்கு எடுத்து, கழுவி, ஈரம் துடைத்து, விவசாயியையோ அவர் அனுப்பிய ஆளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். தினமும் காலையில் தெரிந்த எடைக்கல்லைத் தொங்கவிட்டு மீட்டரைச் சரிபார்த்து நோட்டில் எழுத வேண்டும். சீனியர் மேனேஜர் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லாமல் போய் அங்கே நிற்க வேண்டும். பாயிண்டில் நம்பிக்கை போன ஆலைக்கு அடுத்த சீசனில் நல்ல கிழங்கு வராது.

உள்ளே வந்த மாவு எங்கே போகிறது என்று பார்ப்பது அடுத்தது. 100 டன் கிழங்கு சராசரி 27 பாயிண்ட் என்றால் ஏறக்குறைய 27 டன் மாவு கேட்டைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறது. மூட்டையில் எவ்வளவு போனது, மாவு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியில் எவ்வளவு, கழிவு நீரில் எவ்வளவு என்று கணக்கு ஒட்ட வேண்டும். ஒரு பாயிண்ட் காணாமல் போனால் 100 டன்னுக்கு ஒரு டன். 90 கிலோ மூட்டையில் 11 மூட்டைக்கு மேல், தினமும்.

அதிகம் காணாமல் போகும் இடம் திப்பி. காய்ந்த திப்பியின் எடையில் பாதிக்கு மேல் மாவுதான். அதை முழுக்க எடுக்க முடியாது என்றாலும் அரவை சரியில்லாதபோது அது இன்னும் ஏறும். அரவை டிரம்மின் ரம்பப்பல் பிளேடு மழுங்கினால் கிழங்கு அரைபடாமல் பிய்ந்து வரும். கிழங்கின் செல் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் மாவு சல்லடையில் இறங்காது. சல்லடையிலிருந்து விழும் ஈரத் திப்பியை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்தாலே தெரியும். வெள்ளையாகப் பால் போல் வடிந்தால் கழுவுவதற்குத் தண்ணீர் போதவில்லை அல்லது சல்லடைத் துணி அடைத்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் வடிந்தும், திப்பியை விரலில் தேய்க்கும்போது கொரகொரவென்று துண்டுகள் தட்டுப்பட்டால் கோளாறு பிளேடில். அதன் மேல் அயோடின் சொட்டு விட்டால் எவ்வளவு கறுக்கிறது என்பதை நேற்றைய மாதிரியோடு ஒப்பிடலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிளேடு சீக்கிரம் மழுங்குகிறது என்றால் அரவையைத் திட்டிப் பயனில்லை. கழுவும் தொட்டியில் மணலும் கல்லும் வெளியேறுகிறதா என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கழுவும் இடத்து ஆள் ஒரு பிரிவு, அரவை ஆள் வேறு பிரிவு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் இந்தப் பதவி.

இயந்திரம் நிற்கும் நேரத்தை எழுதி வைக்காத ஆலைகள் நம்மிடம் ஏராளம். 'ஒரு மணி நேரம் ஓடவில்லை' என்று எழுதினால் போதாது. கிழங்கு இல்லாமல் நின்றதா, கரன்ட் இல்லாமலா, பெல்ட் அறுந்தா, பேரிங் போயா, மாவுத் தொட்டி நிரம்பியா, ஆள் வராமலா என்று காரணத்தோடு நிமிடக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு மாதம் எழுதினால் எந்தக் காரணம் அதிக நேரத்தைத் தின்கிறது என்று தானாகத் தெரியும். இயந்திரம் ஓட வேண்டிய நேரத்தில் 90 சதவீதம் ஓடி, ஓடியபோது அதன் வேகத்தில் 95 சதவீதம் ஓடி, வந்த சரக்கில் 98 சதவீதம் தேறினால் மொத்தப் பலன் 84 சதவீதம்தான். மூன்று நல்ல எண்களைப் பெருக்கினால் வருவது இது. ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணைக் காட்டி நிம்மதியாக இருக்கும். பெருக்கிப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

ஸ்டோர் விஷயத்தில் ஒரு கணக்கு போதும். வாரத்துக்கு ஒரு செட் பிளேடு செலவாகிறது, ஆர்டர் போட்டு வர 3 வாரம் ஆகிறது என்றால் கையிருப்பு 4 செட்டுக்கு வந்தவுடன் ஆர்டர் போய்விட வேண்டும். தீர்ந்த பிறகு ஆர்டர் போட்டால் 3 வாரம் மழுங்கிய பிளேடில் ஓட்டி, மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கைத் திப்பியில் விடுவோம். மின்சாரத்திலும் அப்படித்தான். எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்டி டிமாண்ட், அதாவது ஆலை இழுக்கும் உச்ச மின் அளவு, ஒருமுறை ஏறினால் அது அந்த மாத பில்லில் நிற்கும். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எதெல்லாம் சேர்ந்து ஓட வேண்டாம் என்று எழுதி பேனல் பக்கத்தில் ஒட்டி வைத்தால் போதும்.

பாதுகாப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரவை டிரம் கனமானது. மெயினை ஆஃப் செய்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். பிளேடு மாற்றப் போகிறவர் சுவிட்சை அணைத்தது போதும் என்று நினைக்கிறார். சுவிட்சில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே தன் பையில் வைத்துக்கொண்டு, டிரம் முழுதாக நின்றதைக் கண்ணால் பார்த்து, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு.

இதைவிட ஆபத்தானது கழிவுநீர்த் தொட்டியும் பயோகாஸ் கலனும். அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அளவு பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பது பலருக்குத் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர் மயங்குகிறார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் மயங்குகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் சாவது இப்படித்தான். வாயு மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டவில்லையா என்று மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். காற்று ஊதும் விசிறி ஓட வேண்டும். உடலைத் தாங்கும் பெல்ட்டில் கயிறு, மேலே கண்ணெடுக்காத ஒரு ஆள் வேண்டும். சுவாசக் கருவி இல்லாமல் காப்பாற்றவும் யாரும் இறங்கக் கூடாது. இத்தனையும் இருந்து மேனேஜர் கையெழுத்திட்ட சீட்டு இருந்தால் மட்டுமே இறங்கலாம். கூடியமட்டும் மனிதன் இறங்காமல் பம்பில் சேறு எடுக்கும் ஏற்பாட்டைச் செய்வதே சரி. ஒரு மணி நேர உற்பத்திக்காக இந்தச் சீட்டைத் தாண்டச் சொல்லும் உரிமை ஆலையில் யாருக்கும் இருக்கக் கூடாது. முதலாளிக்கும் கூடாது.

கழிவு நீரை ஆலைக்குள்ளேயே சுத்திகரித்து முடிப்பதும் இதே பொறுப்பில் சேரும். சுத்திகரிப்புக் கலன் நாளுக்கு எவ்வளவு தாங்குமோ அதுவும் களத்தைப் போல ஒரு எல்லை. களமும் கலனும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, எது குறைவோ அதற்கு லாரியைக் கட்ட வேண்டும். திருமணிமுத்தாறு ஓடும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விடக் கூடாது.

மூட்டை கட்டிய பிறகு கடைசியாக ஒரு கதவு இருக்கிறது. ஜவ்வரிசியில் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுத் தர விதி. அமிலத்தில் கரையாத சாம்பல், எளிதாகச் சொன்னால் மணல், 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. களத்தைச் சரியாகக் கூட்டாவிட்டாலும், சிமென்ட் பெயர்ந்திருந்தாலும் இரண்டாவது எண் ஏறிவிடும். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்குக்கும், மாதிரி எடுத்து, தேதியும் லாட் எண்ணும் எழுதி, சரக்கு விற்றுத் தீரும் வரையாவது வைத்திருக்க வேண்டும். லேப் முடிவு வராத லாட்டை ஏற்றக் கூடாது. நவராத்திரி, சிவராத்திரி விரதங்களுக்கு முன்பு வடக்கே தேவை ஏறும். அப்போது லாரி வாசலில் நிற்கும், வியாபாரி போனில் இருப்பார், ஈரப்பதம் 13.5 என்று லேப் சொல்லும். அந்த அரை மணி நேரத்தில் 'ஏற்றாதே' என்று சொல்லக்கூடியவர்தான் உண்மையில் ஆபரேஷன்ஸ் மேனேஜர். 1981-ல் ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்கான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 13.5 சதவீத ஈரத்தோடு போன மூட்டை குடோனில் பூஞ்சை பிடித்தால் கெடுவது ஓர் ஆலையின் பெயர் மட்டுமா?

சட்டத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி ஒரு நிறுவனம் தன் சார்பில் பொறுப்பாளராக ஒருவரை நியமிக்கலாம். குற்றம் நடந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அந்த நியமனப் படிவத்தில் மேனேஜரின் பெயரைப் போட்டு கையெழுத்து வாங்கிவிட்டு, கெமிக்கல் கொள்முதலை வேறு ஒருவர் கையில் வைத்திருப்பது நியாயமே இல்லை. பொறுப்பு யாருக்கோ அதிகாரமும் அவருக்கே. அதே படிவத்தோடு, ஆலைக்குள் எந்த ரசாயனமும் அவர் கையெழுத்து இல்லாமல் வரக் கூடாது என்ற உத்தரவும் சேர வேண்டும்.

முதலாளிகளின் பயம் எனக்குப் புரிகிறது. 'எதற்கெடுத்தாலும் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?' அதற்கு ஒழுங்கு இருக்கிறது. நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் காரணத்தையும், மறுபடி ஓட என்ன நடக்க வேண்டும் என்பதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வாரக் கூட்டத்தில் முதலாளி அந்தப் பக்கங்களைப் பார்த்து, தவறான நிறுத்தம் என்றால் கேட்கலாம். நிறுத்தும்போது குறுக்கிடக் கூடாது. பிறகு கேள்வி கேட்க முழு உரிமை உண்டு. நியமன உத்தரவில் மூன்று வாக்கியம் சேர்த்தால் போதும்: லாரி எண்ணிக்கையை நிர்ணயிப்பது, ஆபத்து என்றால் இயந்திரத்தையும் வேலையையும் நிறுத்துவது, தேறாத லாட்டைப் பிடித்து வைப்பது ஆகிய மூன்றும் இவரது முடிவு; இவர் இல்லாத ஷிஃப்டில் இவர் எழுதிக் கொடுத்தவரின் முடிவு.

அதிகாரம் கேட்பவரும் தன் பங்கைச் செய்ய வேண்டும். காலை 15 நிமிடம் நின்றபடியே கூட்டம். ஒரே தாளில் நேற்றைய கிழங்கு டன், சராசரி பாயிண்ட், லாரி நின்ற மணி, திப்பி சோதனை, நிறுத்த நிமிடங்கள் காரணத்தோடு, டன்னுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், தொட்டியில் மாவு, பிடித்து வைத்த லாட், விபத்தும் விபத்தாகாமல் தப்பியதும். யார் தவறு என்ற பேச்சு அங்கே வேண்டாம். இன்று யார், எத்தனை மணிக்குள் என்ன செய்வார் என்பது மட்டும். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு சூப்பர்வைசர்களும் 15 நிமிடம் சேர்ந்து நின்று, இயந்திரத்துக்கு இயந்திரம் நடந்து பொறுப்பு மாற்ற வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் பூட்டு விதியும் தொட்டி விதியும் இந்தியிலும் எழுதி, வாயாலும் சொல்லி, செய்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. அதைக் கொடுக்காமல் 12 மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, கை மாட்டிய பிறகு கவனக்குறைவு என்று எழுதுவது தொழிலாளிக்குச் செய்யும் அநியாயம்.

இந்த சீசனில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர்காணலில் சம்பளம் பேசுவதற்கு முன்பு போன சீசனின் நிறுத்தப் பதிவேட்டையும் பிடித்து வைத்த லாட்டுகளின் பட்டியலையும் கேளுங்கள். களம் எத்தனை டன் தாங்கும், வாயு மீட்டர் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிவேடு இல்லை என்றால் அதைத் தொடங்குவதை முதல் மாத வேலையாக எழுதி வாங்குங்கள். மேலே சொன்ன மூன்று வாக்கியமும் உத்தரவில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜவ்வரிசி ஆலை நிர்வாகத்தில் பணிபுரியும் ஒரு வாசகர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.